கைக்கடிகாரம் காட்டும் வடக்கை எவ்வளவு நம்பலாம்?

மலையேற்றத்துக்கென்று காம்பஸ் உள்ள டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் திரையில் 327 என்று ஓர் எண் வருகிறது. பார்க்க வெகு துல்லியமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்து நிற்கும் திசை 327 டிகிரிதானா, 340-ஆ? அதைக் கடிகாரம் சொல்லாது. நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் நின்றபடி சோதிக்க முடியாது. இரும்பு அலமாரி, கண்ணாடிப் பெட்டியின் சட்டம், பக்கத்தில் பாடும் ஸ்பீக்கர் என்று கடை முழுக்கக் காந்தத்தைக் குழப்பும் பொருள்கள்தான். திறந்த தரையில் ஒரு விடுமுறை நாளைச் செலவழித்தால் போதும். தேவையான சாமான்களும் அதிகமில்லை. ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் கயிறு, பிளாஸ்டிக் ஸ்டூல், முள் வைத்த சாதாரணக் காம்பஸ், எழுதிக்கொள்ள ஒரு நோட்டு.

"கூடவே வழிகாட்டி வருகிறார், போனில் மேப் இருக்கிறது, இந்த வேலையெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 தடங்கள் திறக்கப்பட்டன. அவற்றிலும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும். அந்தத் தடங்களில் உங்கள் காம்பஸ் பெரும்பாலும் பொழுதுபோக்குதான். அதை நீட்டிக்கொண்டு வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள்.

இமயமலைப் பக்கம் குழுவாகப் போகிறவர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் அங்குள்ள மலைகளில் தனியாக நடக்கிறவர்கள் கதை வேறு. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மூடுபனி சூழ்ந்துவிட்டால் பத்தடி தள்ளி இருக்கும் பாறைகூடத் தெரியாது. அப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்ற கேள்விக்கு மணிக்கட்டில் இருப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

நேராக நடந்துவிட முடியாதா? முடியாது. 2009-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களைக் காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். அது மறைந்ததும் தங்களுக்கே தெரியாமல் வளைந்து வளைந்து நடந்தார்கள். சிலர் வட்டமடித்துத் தாங்கள் வந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள். இதில் கெட்டிக்காரர், அப்பாவி என்ற வித்தியாசம் இல்லை.

சரி, கடிகாரம் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ளே முள் எதுவும் கிடையாது. காந்தமானி (காந்தப்புலத்தின் வலுவையும் திசையையும் அளக்கும் சிறு சில்லு) ஒன்று இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அது அளக்கிறது. கடிகாரம் அதிலிருந்து வடக்கைக் கணக்கிடுகிறது. பூமியின் புலம் மிக மெல்லியது. இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும். நம் ஊரில் 40 அளவில் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கும் சின்னக் காந்தத்தை ஒட்டினாற்போல் இதைவிட நூறு மடங்கு வலுவான புலம் இருக்கும். சந்தைக் கூச்சலுக்கு நடுவே யாரோ காதோடு சொல்லும் ரகசியத்தைக் கேட்டுச் சொல்கிற வேலை இந்தச் சில்லுக்கு.

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்: உங்கள் கடிகாரத்தில் உண்மையிலேயே காம்பஸ் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் நான்கு திசைகளை அச்சடித்துவிட்டு 'அவுட்டோர்' என்று விற்கும் கடிகாரங்கள் உண்டு. இன்னும் சிலவற்றில் ஜிபிஎஸ் மட்டும் இருக்கும். அவை நீங்கள் நடக்கும்போது, எங்கிருந்து எங்கே நகர்கிறீர்கள் என்பதைப் பார்த்துத் திசை சொல்பவை. நின்றுவிட்டால் அவற்றுக்குத் திசை தெரியாது.

ஒரே இடத்தில் நின்றபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எண் கூடவே மாறிக்கொண்டு வந்தால் காந்தமானி இருக்கிறது. நின்றால் உறைந்துபோய், நடந்தால் மட்டும் எண் மாறினால் அது ஜிபிஎஸ் திசை. வழி தவறி, நின்று யோசிக்கும் நேரத்தில் அது கைகொடுக்காது.

சோதனைக்கு இடம் எது? உடனே நினைவுக்கு வருவது மொட்டை மாடி. அதுதான் ஆகாது. கான்கிரீட்டுக்குள் கம்பி வலை போல ஓடுகிறது. இரண்டு அடி தள்ளி வைத்தாலே திசை மாறும். வீட்டுக்குள், கார் பக்கத்தில், இரும்புக் கிராதி அருகே, மின்கம்பிகளுக்குக் கீழே எதுவும் வேண்டாம். பள்ளி மைதானத்தின் நடு, ஏரிக்கரை, அறுவடை முடிந்த வயல், கடற்கரை மணல் இவை நல்லவை. பாக்கெட்டில் இருக்கும் போன், வண்டிச் சாவி, பவர் பேங்க், இயர்போன் டப்பா எல்லாவற்றையும் பத்தடி தள்ளி ஒரு பையில் போட்டுவிடுங்கள்.

பெல்ட் பக்கிளையும் மறக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்க்கும்போது கை வயிற்றுக்கு நேரேதான் வருகிறது. சில பக்கிள்கள் காந்தத்தால் ஒட்டுபவை.

இடம் கிடைத்ததும் கேலிப்ரேஷன் (கருவியைப் புதிதாகச் சரிப்படுத்துதல்) செய்யுங்கள். இதைச் செய்யாமல் சோதித்துவிட்டு 'கடிகாரம் மோசம்' என்று சொல்வது நியாயமில்லை. கடிகாரத்தின் பேட்டரி, திருகாணி, உறை இவற்றிலேயே கொஞ்சம் காந்தத்தன்மை இருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பூமியின் புலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கடிகாரத்துக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எப்படிச் செய்வது? மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் கையை எட்டு போட்டபடி காற்றில் சுழற்ற வேண்டும். சிலவற்றில் ஒரு திசையில் வைத்து அழுத்தி, நேர் எதிராகத் திருப்பி மறுபடி அழுத்த வேண்டும். எதுவானாலும் நிதானமாகச் செய்யுங்கள். கடிகாரம் எல்லாப் பக்கமும் புரளும்படி, தலைகீழாகவும் போய்வரும்படி சுழற்றினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி மாற்றிய பிறகும், சமவெளி வெயிலிலிருந்து கடுங்குளிருக்குப் போன பிறகும், ஒரு ஊரிலிருந்து வெகுதூரம் போன பிறகும் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்த சந்தேகம்: சரியான திசை இதுதான் என்று எதை வைத்து முடிவு செய்வது? போன் காம்பஸை வைத்துக் கடிகாரத்தைச் சோதிக்கலாமா? வேண்டாம். போனிலும் இதே மாதிரிச் சில்லுதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் காந்தமும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் யாரை நம்புவீர்கள்?

கோயில் கோபுரம் நேர் கிழக்கு பார்க்கும் என்று அதை ஆதாரமாகக் கொள்வாரும் உண்டு. கிழக்கு வாசல் என்று சொல்லும் எத்தனையோ கோயில்கள் சில டிகிரி திரும்பியே நிற்கின்றன. சூரிய உதயமும் உதவாது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில்தான் சூரியன் நேர் கிழக்கில் எழும். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய 24 டிகிரி விலகி எழுகிறது.

உச்சிவேளை நிழல் வடக்கைக் காட்டும் என்று சில வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். நம் ஊரில் அது வருடம் முழுக்கப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும்.

நம்பகமான வழி நம் பழைய கட்டடக் கலையிலேயே இருக்கிறது. சங்கு நடுதல் என்பார்கள். மூங்கில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்துக் கயிற்றால் தரையில் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் குச்சியின் நிழல் நீளமாக, வட்டத்துக்கு வெளியே இருக்கும். வெயில் ஏற ஏறக் குறுகி, நிழலின் நுனி ஒரு கட்டத்தில் வட்டத்தைத் தொடும். அங்கே ஒரு குச்சி. மதியத்துக்குப் பிறகு நிழல் மறுபடி நீண்டு, மறுபக்கம் வட்டத்தைத் தொடும்போது இன்னொரு குச்சி. இரண்டையும் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்குக் கோடு. காந்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் இதன் பெருமை.

அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால் இரவில் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். உண்மை வடக்கிலிருந்து அது ஒரு டிகிரிகூட விலகுவதில்லை. தமிழ்நாட்டில் அடிவானத்துக்கு மேல் எட்டிலிருந்து பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் தெரியும் என்பதால் வடக்குப் பக்கம் மரமோ புழுதி மூட்டமோ இருக்கக்கூடாது.

குச்சிக்கோடு காட்டுவது உண்மை வடக்கு. காந்தம் காட்டுவது காந்த வடக்கு. இரண்டும் ஒன்றல்ல. இந்த இடைவெளிக்குக் காந்த ஒதுக்கம் (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே உள்ள கோணம்) என்று பெயர். தமிழ்நாட்டில் நமக்கு அதிர்ஷ்டம்; இப்போது ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி மேற்காக மட்டுமே விலகல். காந்த வடக்குக்கு அமைத்த கடிகாரம் நேர் கிழக்கில் 91, 92 என்று காட்டினால் அது பிழையாகாது.

ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இது ஏறக்குறைய 20 டிகிரி. அதைக் கவனிக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஜிபிஎஸ் உள்ள பல கடிகாரங்கள், இருக்கும் இடத்தைக் கொண்டு இந்த ஒதுக்கத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும். ஜிபிஎஸ் இல்லாதவற்றில் நாமே எண்ணை உள்ளிட வேண்டும். பூமியின் காந்தப்புலம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உலகக் காந்த மாதிரியைப் புதுப்பிக்கின்றன. ஆகவே பத்து வருடத்துக்கு முந்திய வரைபடத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முக்கியமான சோதனை. கிழக்கு மேற்குக் கோட்டுக்குக் குறுக்கே, மூலைமட்டம் வைத்தோ, கொத்தனார் செய்வதுபோல 3, 4, 5 அடிக் கயிற்று முக்கோணம் வைத்தோ வடக்கு தெற்குக் கோட்டையும் போடுங்கள். மூலைவிட்டங்களையும் போட்டால் எட்டுத் திசை. துண்டைச் சுருட்டி அதன்மேல் கடிகாரத்தைக் கட்டி, பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் மட்டமாக வையுங்கள். கடிகாரத்தின் 12 மணிப் பக்கம் ஒவ்வொரு கோட்டையும் நோக்கும்படி ஸ்டூலைத் திருப்பி, எட்டு எண்களையும் எழுதுங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து இன்னொரு முறை.

எட்டு எதற்கு, வடக்கு ஒன்றைப் பார்த்தால் போதாதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் இரும்பின் காந்தம் சரியாகக் கழிக்கப்படவில்லை என்றால் பிழை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. உதாரணமாக, வடக்கிலும் தெற்கிலும் சுத்தமாக இருக்கும். கிழக்கில் எட்டு டிகிரி கூடுதலாகவும் மேற்கில் எட்டு டிகிரி குறைவாகவும் காட்டும். வடக்கை மட்டும் பார்த்தவர் 'சபாஷ்' என்று கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

எழுதிய எண்களை எப்படிப் படிப்பது? எட்டிலும் ஒரே அளவு பிழை, உதாரணமாக எல்லாவற்றிலும் நான்கு டிகிரி கூடுதல் என்றால், கவலை வேண்டாம். ஒதுக்க எண்ணைத் தவறாக வைத்திருப்பீர்கள், அல்லது ஸ்டூலைக் கோட்டோடு சரியாகச் சேர்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் கூடுதல், எதிர்ப்பக்கம் குறைவு என்றால் கேலிப்ரேஷனை மறுபடி செய்யுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதே திசையில் முதல் முறை ஓர் எண், இரண்டாம் முறை பத்து டிகிரி தள்ளி இன்னோர் எண் என்று வந்தால்தான் கவலை. எவ்வளவு தப்பு என்றே தெரியாத பிழையை மனக்கணக்கில் திருத்த வழியில்லை.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? ஒரு டிகிரி பிழைக்கு ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் தள்ளிப் போவோம். ஐந்து டிகிரிக்கு 87 மீட்டர். பத்து டிகிரிக்கு 175 மீட்டர். ஒரு பாதையையோ ஓடையையோ நோக்கி நடக்கிறீர்கள் என்றால் 87 மீட்டர் பெரிய விஷயமில்லை. எங்கேயாவது போய் அதை முட்டிவிடலாம். மூடுபனியில் ஒரு தனிக் குடிசையையோ கூடாரத்தையோ தேடுகிறீர்கள் என்றால் 175 மீட்டர் தள்ளிப் போனவர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுவார்.

'டிஜிட்டல் என்றால் துல்லியம்' என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கேசியோவின் காம்பஸ் உள்ள சில மாடல்களுடைய கையேட்டிலேயே திசையில் 10 டிகிரி வரை பிழை இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். திரை 327 என்று மூன்று இலக்கம் காட்டுவதால் அந்தக் கடைசி 7-க்கு அர்த்தம் வந்துவிடாது. 'வடமேற்குப் பக்கம்' என்று படித்துக்கொள்வதே பல நேரம் உத்தமம்.

அடுத்தது சாய்வு. கையைக் கட்டிக்கொண்டு யாரும் மலையேறுவதில்லை. கழியை ஊன்றியபடி, மூச்சிரைக்க, கடிகாரத்தைச் சரிவாகப் பிடித்துத்தான் பார்ப்போம். நல்ல கடிகாரங்களில் சாய்வுத் திருத்தம் (சாய்த்துப் பிடித்தாலும் மட்டமாக வைத்ததுபோல் கணக்கிடும் வசதி) உண்டு. காந்தமானி மூன்று அச்சுகளிலும் அளக்கும். கூடவே எந்தப் பக்கம் கீழே என்று சொல்லும் முடுக்கமானியும் இருக்கும். பழைய, விலை மலிந்த மாடல்களில் இரண்டு அச்சுதான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாகப் போவதில்லை. வடக்கே போகப் போகத் தரையைக் குத்துவதுபோலச் சரியும். இந்தச் சரிவு பூச்சியமாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, காந்த நடுக்கோடு, தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். சென்னையில்கூடச் சரிவு பத்து டிகிரிக்குள். இமாச்சலத்திலும் லடாக்கிலும் ஏறக்குறைய 50 டிகிரி.

இதனால் உங்களுக்கு என்ன? சாய்வுத் திருத்தம் இல்லாத கடிகாரத்தை லடாக்கில் வடக்கு நோக்கிப் பிடித்து, பக்கவாட்டில் வெறும் 10 டிகிரி சாய்த்தால் திசை சுமார் 12 டிகிரி தவறும். அதே கடிகாரத்தை நாகர்கோவிலில் அதே அளவு சாய்த்தால் பிழை கண்ணுக்கே தெரியாது. அதாவது, இங்கே தேறிய கடிகாரம் அங்கே தோற்கலாம். 'ஊரில் அருமையாக வேலை செய்தது, மணாலிக்குப் போனதும் கெட்டுவிட்டது' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம். கடிகாரம் கெடவில்லை, அதன் குறை இங்கே வெளியே தெரியவில்லை.

அப்படியானால் இங்கேயே சாய்வுத் திருத்தத்தைச் சோதிக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. வடக்கை நோக்கி நின்று சோதிக்காதீர்கள். வடகிழக்கை நோக்கி நில்லுங்கள். கடிகாரத்தின் முன்பக்கத்தை 40 டிகிரி அளவுக்கு நன்றாக மேலே தூக்குங்கள். திருத்தம் இல்லாத கடிகாரத்தில், தென்மாவட்டங்களில்கூட, எண் ஏழு டிகிரி அளவுக்கு நகர்ந்துவிடும். திருத்தம் உள்ளதில் ஓரிரு டிகிரிக்குமேல் அசையாது. இமயமலைக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்தாமல், கையேட்டில் 'மூன்று அச்சு' என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முள் காம்பஸுக்கும் இந்தச் சரிவுத் தொல்லை உண்டு. ஐரோப்பாவுக்கென்று எடை சமன்செய்த காம்பஸை இங்கே கொண்டுவந்தால் முள்ளின் ஒரு முனை சாய்ந்து அடிப்பலகையை உரசலாம். உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்ததை வைத்துக் கடிகாரத்தைக் குறைசொல்வதற்கு முன் அந்த முள் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஒப்பிடும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்; முள்ளே ஒரு காந்தம், அது கடிகாரத்தைக் குழப்பும். இரண்டு கை நீளம் இடைவெளி விடுங்கள்.

குச்சியின் மாலை நிழலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தொந்தரவுச் சோதனையைச் செய்துவிடலாம். கடிகாரத்தை ஸ்டூலில் வைத்து, போனை இரண்டு அடி தூரத்திலிருந்து மெல்ல மெல்ல அருகே கொண்டுவாருங்கள். எந்தத் தூரத்தில் எண் அசையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க், நெற்றி விளக்கு, காந்த மூடி வைத்த போன் உறை, கழி என்று நீங்கள் மலைக்கு எடுத்துப்போகும் ஒவ்வொன்றையும் இப்படிப் பாருங்கள். அலுமினியக் கழி ஒன்றும் செய்யாது. காந்த உறை படுத்தும் பாட்டைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

கடிகார வாரையும் கவனியுங்கள். காந்தத்தால் ஒட்டும் உலோக வார்கள் பார்க்க அழகு. காம்பஸுக்கு அவை எமன். சில வார்களில் உள்ள காந்தம் தன் கடிகாரத்தின் காம்பஸைக் குழப்பலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. மலைக்குப் போகும்போது சாதாரண ரப்பர் வாரோ துணி வாரோ போதும்.

பொருள்களை விலக்கிவிட்டீர்கள், மலையே இரும்பாக இருந்தால்? சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறையில் மேக்னடைட் (இயற்கையிலேயே காந்தத்தன்மை கொண்ட இரும்புத்தாது) இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் கடிகாரமும் தடுமாறும், முள்ளும் தடுமாறும். சில தப்படிகள் தள்ளி நின்று மறுபடி பாருங்கள். இரண்டு இடத்திலும் வெவ்வேறு எண் வந்தால் அந்தப் பகுதியில் காம்பஸை நம்பாமல், தெரியும் மலைமுகட்டையோ ஓடையையோ பற்றிக்கொண்டு நடங்கள்.

கடைசியாக, நடந்து பார்க்கும் சோதனை. திறந்த மைதானத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, ஏதாவதொரு திசையில் நூறு தப்படி நடங்கள். அந்த எண்ணோடு 120 கூட்டி அந்தத் திசையில் நூறு. மறுபடி 120 கூட்டி நூறு. எண் 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். துண்டருகே வந்து சேர வேண்டும். ஐந்தாறு தப்படி தள்ளி நின்றால் நன்று. இருபது தப்படி தள்ளி என்றால் கடிகாரத்திலோ உங்கள் பார்வையிலோ கோளாறு. தூரத்தில் ஒரு மரத்தைக் குறிவைத்து நடந்தால் பார்வைக் கோளாறு குறையும்.

ஒன்று சொல்லவேண்டும்: எல்லாத் திசையிலும் ஒரே அளவு பிழை காட்டும் கடிகாரமும் இந்த முக்கோணத்தை அழகாக முடித்துவிடும், ஏனென்றால் முக்கோணம் முழுவதுமாகத் திரும்பிப்போகும். ஆகவே இதை எட்டுத் திசைச் சோதனைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக்கூடாது. இது கடிகாரத்தைவிட உங்களுக்கான பயிற்சி.

மற்றவை சில்லறை விஷயங்கள்தான், ஆனாலும் பாருங்கள். சுட்டெரிக்கும் வெயிலில் திரை தெரிகிறதா? தொடுதிரை மட்டும் உள்ள கடிகாரம் மழையில் தன்னிஷ்டத்துக்கு நடக்கும். பொத்தான் உள்ளதே மலைக்கு ஏற்றது. காம்பஸ் எத்தனை நேரம் ஓடுகிறது? பேட்டரியை மிச்சப்படுத்த இருபது வினாடி, அறுபது வினாடியில் அணைந்துவிடும் மாடல்கள் உண்டு. திசையைப் பூட்டும் வசதி இருந்தால் நல்லது. போகவேண்டிய திசையை வைத்துக்கொண்டு, விலகினால் எந்தப் பக்கம் என்று காட்டும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருக்கக்கூடாது. தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சில புதிய கடிகாரங்களிலும் இந்த வசதி வரத் தொடங்கியிருக்கிறது. ஜிபிஎஸ் சிக்னலைப் பெற மட்டும் செய்யும் கடிகாரத்துக்கு இந்தத் தடை கிடையாது.

முடிவாக எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது? கேலிப்ரேஷன் செய்தபின் எட்டுத் திசையிலும் பிழை ஐந்து டிகிரிக்குள் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குள் என்றால் பொதுவாகத் திசை பார்க்க ஆகும். மூடுபனியில் குறிப்பிட்ட இடத்தைத் தேட ஆகாது. இரண்டு மூன்று முறை சரிப்படுத்திய பிறகும் பதினைந்தைத் தாண்டுகிறது, அல்லது அதே இடத்தில் வேறு வேறு எண் சொல்கிறது என்றால் எவ்வளவு அழகான கடிகாரமானாலும் வேண்டாம். தேறிய கடிகாரத்தோடும் சில நூறு ரூபாய் முள் காம்பஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம். இணையத்தில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். அது முடிவதற்குள் மைதானத்துக்குப் போய்வந்துவிடுங்கள்.